இடம் பெயர்ந்த கற்கள்: வாசகர் கேள்வி – பதில்

பவானிசாகர் அணையில் நீர் வற்றும்போது தலைகாட்டும் தணாயக்கன் கோட்டைப் பெருமாள் கோயிலைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாயிற்று. 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த அந்த அணைக்காக ஊரைக் காலி செய்தபோது, தெய்வத் திருமேனிகளை எடுத்துச் சென்று வேறிடத்தில் கோயில் எழுப்பினார்கள். கற்கோயில் மட்டும் நீருக்குள் நின்றுவிட்டது என்று அதில் எழுதியிருந்தோம். கோயிலையும் பெயர்த்திருக்க முடியாதா என்று கேட்டுச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களே இம்மாதத் தபாலில் பாதிக்கு மேல். எனவே இவ்விதழின் கேள்விகள் எல்லாம் இந்த ஒரு பொருளைப் பற்றியவை.

ஸ்ரீசைலம் யாத்திரை சென்றபோது தெலங்கானாவில் உள்ள அலம்பூருக்கும் போய் ஜோகுளாம்பாள் அம்மனைத் தரிசித்தோம். அங்கே தனியாக நிற்கும் ஒரு பழைய சிவன் கோயிலைக் காட்டி, இது வேறோர் ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது என்றார்கள். முழுக் கற்கோயிலை அப்படிப் பெயர்க்க முடியுமா? – கானாடுகாத்தான் வாசகர்

உங்களிடம் சொன்னது உண்மைதான். நீங்கள் பார்த்தது கூடவெல்லி சங்கமேசுவரர் கோயில். கிருஷ்ணையும் துங்கபத்திரையும் கூடும் இடத்தில் இருந்த கூடவெல்லி என்ற ஊரில், முற்காலச் சாளுக்கியர் காலத்தில் கட்டப்பட்டது அது. 1960இல் தொடங்கி 1980களின் தொடக்கத்தில் நிறைவடைந்த ஸ்ரீசைலம் அணையின் முழுக் கொள்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 885 அடி. அந்த மட்டத்துக்கு நீர் ஏறினால் கூடல் முழுகிவிடும் என்பதால், கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து அலம்பூருக்குக் கொண்டுவந்து கட்டினார்கள். பாபநாசிக் கோயில் தொகுதியும் அவ்வாறே அலம்பூருக்கு அருகில் குடியேறியது; ரூபால சங்கமேசுவரர் கோயில் கர்நூலில் உள்ள ஜகந்நாத கட்டு என்னும் குன்றுக்குப் போயிற்று.

எப்படி முடிந்தது என்பதற்கு விடை, நம் முன்னோர் கட்டிய முறையிலேயே இருக்கிறது. பழைய கற்றளிகளில், அதாவது கற்கோயில்களில், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே பெரும்பாலும் சாந்து கிடையாது. மேற்கல்லின் எடை கீழ்க்கல்லை அழுத்த, முளையும் குழியுமாகச் செதுக்கிய பொருத்துகள் கற்களை நகராமல் பிடிக்க, கட்டடம் தன் பாரத்தாலேயே நிற்கிறது. ஒட்டாமல் கட்டியதைச் சேதமின்றிப் பிரிக்கலாம். சிமென்டால் ஒட்டியதை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கோயில் திருப்பணிகளில் கற்களின் சந்துகளில் சிமென்ட் கலவையை அடைக்கக் கூடாது என்று தொல்லியல் அறிந்தோர் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை நடக்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் ஒரு கல்லைக்கூட அசைக்காமல் தரைப்படமும், நான்கு பக்கச் சுவர்ப்படங்களும், குறுக்குவெட்டுப் படமும் அளந்து வரைய வேண்டும். படத்தில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியே தெரிய வேண்டும். பிறகு எண்ணிடுவது. தெற்குச் சுவரில் கீழிருந்து நான்காம் வரியில் கிழக்கிலிருந்து பதினோராவது கல் என்றால் 'தெ–4–11' என்று படத்திலும் கல்லிலும் ஒரே குறி இடப்படும். கல்லின் முகப்பில் எழுதினால் கறை நிற்கும், உளியால் வெட்டினால் சிற்பம் கெடும். ஆகவே கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தில் தற்காலிகக் குறியும், பிரித்தவுடன், அடுத்த கல்லோடு படிந்து மறையும் படுகைப் பக்கத்தில் அழியாத வண்ணத்தில் நிலையான குறியும், எது மேல்பக்கம் என்று காட்டும் அம்பும் இடுவார்கள். இந்த எண்தான் கல்லின் முகவரி. அது தொலைந்தால், ஆயிரம் ஆண்டுக் கோயில் ஒரு லாரி ஜல்லியாகிவிடும்.

பிரிப்பது எப்போதும் உச்சியிலிருந்து கீழ்நோக்கித்தான். சிகரம் இறங்கி, கூரை விளிம்பான கபோதம் இறங்கி, உத்திரங்களும் அவற்றைத் தூணின் தலையில் தாங்கும் போதிகைகளும் இறங்கிய பின்பே தூணைத் தொடலாம். இங்கேதான் விபத்துக்கு இடம் உண்டு. கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ எடையிருக்கும். பத்தடி நீளமும் ஓரடிச் சதுரமும் உள்ள ஒரு சாதாரணத் தூணே முக்கால் டன் ஆகிறது. கல் அழுத்தத்தை எவ்வளவும் தாங்கும், வளைவைத் தாங்காது. நீண்ட உத்திரத்தை நடுவில் மட்டும் கட்டித் தூக்கினாலும், லாரியில் இரு முனைகளை மட்டும் முட்டுக்கொடுத்து நடுப்பகுதியை அந்தரத்தில் விட்டு ஏற்றினாலும் அது இரண்டாகப் போகும். சுவர் இரண்டு முகக் கற்களுக்கு நடுவே உடைகல் நிரப்பிக் கட்டப்பட்டிருக்குமானால், வெளிக்கல்லை எடுத்ததும் உள்நிரப்பு சரியும். அதற்கு முன்கூட்டியே சாரமும் முட்டும் வேண்டும்.

புதிய இடத்தில் முதல் கவலை அடித்தளம். பழைய கோயில் பல நூற்றாண்டுகளில் மண்ணை அழுத்தி அமர்ந்துவிட்டது. புது மண் இன்னும் அமரவில்லை. ஒரு மூலை விரற்கடை தாழ்ந்தாலும் மேலே உத்திரம் விரியும். அதனால் அடித்தளத்துக்கான செலவில் சிக்கனம் கூடாது. பிறகு கீழ்வரியிலிருந்து ஒவ்வொன்றாக, பழைய திசை மாறாமல் ஏற்றுவார்கள். உடைந்த கல்லுக்குப் பதில் புதுக்கல் வைத்தால், அது புதுக்கல் என்று பின்னால் வருவோர் அறியும்படி விடுவதே நேர்மையான முறை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்துக்காக ஏறத்தாழ நூறு ஊர்களின் மக்கள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். கோயிலின் ஒவ்வொரு கல்லுக்கும் எண் இருந்தது. அந்த மக்களில் எவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதற்கு அத்தனை கவனமான கணக்கு வைக்கப்படவில்லை என்பது என் ஆற்றாமை.

என் மகள் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் இருக்கிறாள். மலைப்பக்கம் நடக்கப் போனபோது எடுத்த ஒரு சிறிய கல்பாலத்தின் படத்தை அனுப்பி, "இது முழுகிப்போன ஊரின் பாலம்" என்று எழுதியிருந்தாள். பாலத்தை மட்டும் ஏன் காப்பாற்றினார்கள்? – தேவகோட்டை வாசகி

உங்கள் மகள் நின்ற இடத்தின் பெயர் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ். பாலம் முன்பு இருந்தது, டார்பிஷயரில் டெர்வென்ட் என்ற சிற்றூரில். ஷெஃபீல்டு, டார்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் ஆகிய நகரங்களின் குடிநீருக்காக 1935 முதல் 1943 வரை லேடிபவர் அணை கட்டப்பட்டது. 1945இல் நீர்த்தேக்கம் நிறைந்தது. டெர்வென்ட்டும் அருகிலிருந்த ஆஷப்டனும் முழுகின. தேவாலயத்துக் கல்லறைகளிலிருந்து உடல்களைத் தோண்டியெடுத்து பாம்ஃபோர்டில் மறுபடி அடக்கம் செய்தார்கள். தேவாலயத்தின் கோபுரத்தை மட்டும் நினைவுச் சின்னம்போல் நீருக்கு நடுவே விட்டுவைத்து, ஆபத்தென்று கருதி 1947இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1976, 1995, 2018 போன்ற வறட்சி ஆண்டுகளில் ஊரின் அடிச்சுவர்கள் வெளியே தெரிந்தன.

பாலம் பதினேழாம் நூற்றாண்டினது. இரண்டு வளைவுகள் கொண்டது. பொதிக்குதிரைகள் செல்வதற்காகக் கட்டப்பட்ட இத்தகைய பாலங்கள், இருபுறமும் தொங்கும் மூட்டைகள் இடிக்காதவாறு குறுகலாகவும் தாழ்ந்த கைப்பிடிச் சுவருடனும் இருக்கும். பழஞ்சின்னம் என்று முன்பே சட்டப் பாதுகாப்புப் பெற்றிருந்ததால் அதை அப்படியே நீருக்குக் கொடுக்க முடியவில்லை. கற்களுக்கு எண்ணிட்டுப் பிரித்து அடுக்கி வைத்தார்கள். போரும் பணத் தட்டுப்பாடும் வந்து, அந்தக் கற்கள் ஆண்டுக்கணக்கில் அடுக்கிலேயே கிடந்தன. 1959இல்தான், மலைநடை ஆர்வலர்களும் பொதுமக்களும் காட்டிய அக்கறையால், அதே டெர்வென்ட் ஆற்றின் மேற்பகுதியில், நீர்த்தேக்கங்களுக்கு அப்பால் மறுபடி எழுந்தது.

வளைவுப் பாலத்தைத் திரும்பக் கட்டுவது தூண்மண்டபத்தைக் கட்டுவதைவிடக் கடினம். வளைவின் ஒவ்வொரு கல்லும் மேலே அகன்றும் கீழே குறுகியும் ஆப்பு வடிவில் செதுக்கப்பட்டிருக்கும். ஒன்று இடம் மாறினால் அடுத்தது பொருந்தாது. மரத்தால் வளைவுச் சட்டம் அமைத்து, இரு பக்கமிருந்தும் சமமாகக் கற்களை ஏற்றி, உச்சிக்கல்லைச் செருகி முடிக்கும் வரை வளைவுக்குத் தன்பலம் இல்லை. இத்தனை ஆண்டுகள் அடுக்கில் கிடந்த கற்கள் இவ்வளவு சரியாகச் சேர்ந்தன என்றால், பிரித்தவர்கள் எண்ணை ஒழுங்காக இட்டார்கள், வைத்திருந்தவர்கள் அதை அழியாமல் காத்தார்கள் என்பதே காரணம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பாலம் இன்னும் பாலமாகவே இருப்பதுதான். அதே ஆற்றைத்தான் கடக்கிறது. ஆட்கள் அதன்மேல் நடக்கிறார்கள். பூங்காவில் புல்வெளிக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் அது வெறும் காட்சிப்பொருளாகியிருக்கும்.

பெயர்த்துக் கட்டிய கோயிலில் பழைய சாந்நித்தியம் இருக்குமா? அது அதே கோயில்தானா? – பள்ளத்தூர் வாசகி

வழிபாட்டு நெறிப்படி இதற்கு வழி எப்போதும் உண்டு. திருப்பணி தொடங்குமுன் மூலவரின் ஆற்றலைக் கலாகர்ஷணம் செய்து கும்பத்துக்கு மாற்றுகிறார்கள். வேலை நடக்கும் காலம் முழுவதும் பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதியில் பூசை நடக்கிறது. முடிந்ததும் குடமுழுக்கில் மீண்டும் மூலவரிடம் சேர்க்கிறார்கள். நம் நகரத்தார் கோயில்களில் குடமுழுக்குப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. கல் பிரிந்து கிடக்கும் காலத்தில் தெய்வத்துக்கு ஓர் இடம் கொடுக்கும் ஏற்பாட்டை நம் ஆகமங்கள் முன்பே செய்துவைத்திருக்கின்றன.

வரலாற்றின் பக்கமிருந்து பார்த்தால், அதே கோயிலா என்பதைத் தீர்மானிப்பது அதன் ஆவணம் கூடவே வந்ததா என்பது. இதில் நமக்கு வழிகாட்டி வெளிநாட்டில் இல்லை, திருமழபாடியில் இருக்கிறது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அவ்வூர் வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துத் திரும்பக் கட்ட ஆணையிட்டபோது, சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அந்தப் படியைப் பார்த்துப் புதுச் சுவரில் அவற்றைத் திரும்ப வெட்டினார்கள். அதற்கும் முன்பே செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டுவித்து, இது பழங்கல்லின் படி என்று ஒவ்வொன்றிலும் குறிக்கவும் செய்தார். ஆயிரம் ஆண்டுக்கு முன் அவர்களுக்கு இருந்த அந்தக் கவனம் நமக்கும் வேண்டாமா?

நம் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் செய்த திருப்பணிகள் பெரும் கொடை என்பதில் ஐயமில்லை. அவர்கள் கையிட்டிராவிட்டால் பல தலங்கள் செடி முளைத்து விழுந்திருக்கும். ஆனால் பழைய சுவரைப் பிரித்துப் புதிதாகக் கட்டிய சில இடங்களில் கல்வெட்டுக் கற்கள் வரிசை கலைந்தன, படிக்கட்டாயின, தலைகீழாகவும் வைக்கப்பட்டன. 1887 முதல் அரசின் கல்வெட்டுத் துறையினர் ஊர் ஊராகச் சென்று, கல்லின்மேல் தாளை ஒட்டி மைப்படி எடுத்து வந்ததால், கல் போன பிறகும் வாசகம் பிழைத்த கோயில்கள் உண்டு. மைப்படி எடுப்பதற்கு முன்பே பிரிக்கப்பட்டவற்றில் என்ன எழுதியிருந்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

மேட்டூர் அணையில் நீர் குறைந்தால் பண்ணவாடியில் முழுகிய கோயிலின் நந்தி தெரிகிறது. அதை ஏன் அப்போதே பெயர்க்கவில்லை? – புதுவயல் வாசகர்

1925இல் தொடங்கி 1934இல் மேட்டூர் அணை முடிந்த காலத்தில், முழுகும் பகுதியின் பழஞ்சின்னங்களைக் காப்பதும் அணைச் செலவின் ஒரு பகுதி என்ற எண்ணம் ஏற்பட்டிருக்கவில்லை. அது பின்னால் வந்தது. கிருஷ்ணையின் குறுக்கே நாகார்ஜுனசாகர் அணைக்கு 1955இல் அடிக்கல் நாட்டப்பட்டபோது, இக்குவாகு மன்னர்களின் தலைநகரம் இருந்த பள்ளத்தாக்கில் 1954 முதல் 1960 வரை அகழாய்வு நடந்தது. ஒன்பது கட்டடங்களை மேட்டில் பெயர்த்துக் கட்டினார்கள், மேலும் பதினான்குக்கு மாதிரிகள் செய்து வைத்தார்கள். எகிப்தில் அஸ்வான் அணையால் முழுகவிருந்த அபு சிம்பெல் கோயில்களை 1964 முதல் 1968 வரை பாளம் பாளமாக அறுத்து 65 மீட்டர் மேலே ஏற்றியதும், பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய நாட்களை ஒட்டிக் கருவறைக்குள் விழும் சூரிய ஒளி இன்றும் விழும்படி திசையைக் காத்ததும் உலகம் அறிந்தவை.

காலம் கடந்துவிட்டது என்றும் கைவிட வேண்டியதில்லை. மைசூர் அருகே கிருஷ்ணராஜசாகர் அணையில் முழுகிய கண்ணம்பாடி வேணுகோபாலர் கோயில் பல பத்தாண்டுகள் நீருக்குள் கிடந்த பின்னர், இந்த நூற்றாண்டில் பிரித்தெடுக்கப்பட்டு கரையில் புதிய கண்ணம்பாடியில் எழுந்திருக்கிறது. தணாயக்கன் கோட்டைக் கோயிலைப் பெயர்ப்பது பெரும் செலவுதான். ஆயினும் அடுத்த முறை நீர் வற்றும்போது அதன் ஒவ்வொரு கல்லையும் அளந்து படம் வரைந்துவிடுவதற்குப் பெரிய செலவு ஆகாது. ஏறுவதும் இறங்குவதுமாக நீர் கல்லை நனைத்துக் காயவைத்துக்கொண்டே இருக்கிறது. அலை கீழ்வரிசையை அரிக்கிறது. அந்த அளவெடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் பூர்வீக வீட்டைப் பங்காளிகள் பிரித்துக்கொள்ளப் போகிறோம். முகப்பில் உள்ள கல்தூண்களுக்கும் திண்ணைக் கற்களுக்கும் காரைக்குடிப் பழம்பொருள் வியாபாரி விலை கேட்கிறார். என் பங்குக்கு வருவதைச் சென்னையில் கட்டும் வீட்டில் வைக்கலாம் என்று எனக்கு ஆசை. என்ன செய்ய வேண்டும்? – கோட்டையூர் வாசகர்

முதலில் என் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வீடு நின்ற இடத்திலேயே நிற்க ஒரு வழியேனும் இருந்தால், அதையே பாருங்கள். கூடவெல்லிக்கு வேறு வழியில்லை, வெள்ளம் வந்தது. உங்கள் ஊருக்கு வெள்ளம் வரவில்லை. பங்காளிகள் அத்தனை பேரும் ஒத்துக்கொண்டு முகப்பையும் உள்முற்றமான வளவையும் பொதுவில் வைத்துக்கொண்டு, முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கூடுகிற வீடுகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன.

பிரிப்பதென்றே முடிவானால், தூணை விற்பதற்கும் முகப்பை இடம் மாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். தனித்தனியே விலைபோகும் தூண்கள், நாலு ஊர் வரவேற்பறைகளில் நாலாக நிற்கும். எந்த ஊர், எந்த வீடு, எந்த வரிசை என்பது முதல் கை மாறும்போதே மறந்துபோகும். முட்டுக்காடு தட்சிணசித்திராவில் செட்டிநாட்டு வீட்டைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கதவும் தூணும் உத்திரமும் சேர்ந்து ஒரு வீடாக நிற்பதால்தான் பார்க்கிறவனுக்கு இந்த ஊர் வாழ்க்கை புரிகிறது. நீங்கள் முகப்பை மொத்தமாக எடுத்துக்கொண்டு மற்றவர்கள் வேறு பகுதிகளை எடுத்துக்கொள்ள முடியுமா என்று பங்காளிகளிடம் பேசிப் பாருங்கள்.

ஆள் வைத்துக் கடப்பாரை போடுவதற்கு முன் முகப்பை அளந்து வரையச் சொல்லுங்கள்; ஒவ்வொரு தூணையும் நான்கு பக்கமும் படம் எடுங்கள்; மேலே சொன்ன முறையில் குறியிடுங்கள். தூணின் அடியில் ஆதாரக்கல் தனியாக இருக்கும், அதை விட்டுவிட்டுத் தூணை மட்டும் அறுத்து எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்தால் உயரம் குறைந்து மேலே போதிகை பொருந்தாது. இரும்புச் சங்கிலி கல்லின் விளிம்பைப் பெயர்க்கும், நைலான் பெல்ட்டால் தூக்கச் சொல்லுங்கள். திரும்ப நிறுத்தும்போது உள்ளே சாதா இரும்புக் கம்பி செருக விடாதீர்கள். துருப்பிடித்து உப்பும் இரும்பு, கருங்கல்லையே பிளந்துவிடும். கடற்காற்று வீசும் சென்னையில் இது விரைவில் நடக்கும். துருப்பிடிக்காத எஃகு விலை கூடினாலும் அதுதான் தகும்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, 100 ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள சிற்பங்கள் மட்டுமல்ல, கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள்களும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உங்கள் பொருளுக்குப் பதிவு தேவையா என்பதைத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே ஏற்றுங்கள்.

ஊருணியைத் தூர்வாரியபோது, துணி துவைக்கப் பயன்பட்ட ஒரு கல்லைப் புரட்டினோம். அடியில் எழுத்து இருக்கிறது. கோயிலில் கொண்டுபோய் வைக்கலாமா? – கண்டனூர் வாசகர்

உடனே நகர்த்தாதீர்கள். ஊருணியின் எந்தக் கரையில், எந்தப் படிக்கு அருகில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதைக் குறித்து, தள்ளி நின்று ஒரு படமும் அருகில் ஒரு படமும் எடுங்கள். ஆசிட் ஊற்றித் தேய்ப்பதும், எழுத்து தெரிய வேண்டும் என்று பெயின்ட் பூசுவதும், கம்பித் தூரிகையால் சுரண்டுவதும் வேண்டவே வேண்டாம். வெறும் நீரும் தென்னைநார்த் தூரிகையும் போதும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் சாயும் நேரத்தில் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பித் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் தெரிவித்து, அந்தப் படங்களைச் சிவகங்கை அரசு அருங்காட்சியகத்துக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள்.

அவர்கள் வந்து மைப்படி எடுத்த பிறகு, கல் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று ஊரார் விரும்பினால் அதையும் எழுதிக் கேளுங்கள். அது கோயிலுக்கே போவதாக முடிவானாலும், தரையில் பதித்து மிதிபட விடாமல் நிறுத்தி வையுங்கள். பக்கத்தில் ஒரு சிறு பலகையில், இது இன்ன ஊருணியின் இன்ன கரையில் கிடைத்தது என்று மாதத்தையும் ஆண்டையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.